ஹேங்கிங் லைட்டுக்கு எந்த பல்பு? எட்டு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்த அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் கெண்டை மீன் குழம்பு. கெண்டையைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், ருசி எவ்வளவோ அவ்வளவு முள், அதுவும் மயிரிழை மாதிரி, கவை கவையாக. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருக்கிறது, இன்னொரு கண் இன்னும் மங்கல்தான். தட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தவர், பாதியில் நிமிர்ந்து, "இன்னிக்கு முள்ளு நல்லா தெரியுதுடா" என்றார். சாப்பாட்டு மேசைக்கு மேலே மூன்று ஹேங்கிங் லைட் மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதமும் நான் பல்பு மாற்றியது, உயரம் மாற்றியது, வாங்கி வீணாக்கியது எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அதனால் மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டில் இதே மாதிரி லைட் மாட்டப் போகிறவர்களுக்கு என் செலவில் பாதியாவது மிச்சமாகட்டும்.

முதலில் அளவுகள். எங்கள் மேசை 5 அடி நீளம், 3 அடி அகலம், தரையிலிருந்து 75 செ.மீ. உயரம். திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய மூன்று லைட்டும் ஒரே மாதிரி: அலுமினியக் கூம்பு, வெளியே கறுப்பு, உள்ளே பொன் நிறம், வாய் விட்டம் 22 செ.மீ. ஒன்று ₹1,450. எடை ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஹோல்டர் திருகு வகை, அதாவது இ27. வாங்கும்போது நான் பார்த்தது கூம்பின் அழகை மட்டும்தான். ஹோல்டரின் விளிம்பிலிருந்து கூம்பின் வாய் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்துப் பார்க்கவே இல்லை. (12 செ.மீ. பின்னால் இந்த எண்ணைச் சுற்றித்தான் எல்லாமே நடந்தது.)

மாட்டும் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கான்கிரீட் கூரை, 6 மி.மீ. டிரில், பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ. நடு லைட்டுக்குத் துளை போடும்போது இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போனதும் கம்பி தட்டியது, டிரில்லை அழுத்தாமல் இரண்டு இன்ச் நகர்த்திப் போட்டோம். அதனால் மற்ற இரண்டையும் அதே இரண்டு இன்ச் நகர்த்த வேண்டி வந்தது, இல்லாவிட்டால் வரிசை கோணலாகத் தெரியும். லைட்டுக்கு லைட் இடைவெளி 45 செ.மீ. உலோகக் கூம்பு என்பதால் பச்சை எர்த் ஒயரைக் கட்டாயம் இணைக்கச் சொன்னேன். எலக்ட்ரீசியன் அண்ணன் "லைட்டுக்கு எதுக்கு சார் எர்த்து" என்று கேட்டார், ஆனாலும் போட்டுக் கொடுத்தார். கை படும் உயரத்தில் தொங்கும் உலோகம், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

லைட்டோடு இலவசமாக மூன்று பல்பு வந்தது. தேன் நிறக் கண்ணாடிக்குள் நீள நீளமாக இழை தெரியும் எல்இடி பல்பு, 4 வாட், 2200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை). போட்ட அன்று வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. போட்டோவில் ஏதோ ஹோட்டல் மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நிற வித்தியாசம் இல்லை. கீரை கறுப்பாக இருந்தது. போனில் ஒரு லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் ஆப் போட்டு, போனைத் தட்டு வைக்கும் இடத்தில் மல்லாக்க வைத்துப் பார்த்தேன், 110 காட்டியது. போன் காட்டும் எண் துல்லியம் இல்லை, ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட அது போதும், கடைசி வரை அப்படித்தான் செய்தேன். அந்த வாரம் அம்மா மீன் சாப்பிடும்போது டியூப் லைட்டையும் சேர்த்துப் போடச் சொன்னார். அதோடு ஹேங்கிங் லைட்டுக்கு அர்த்தமே போய்விட்டது.

அடுத்து நான் செய்தது, வீட்டில் இருந்த பல்பையே போட்டுப் பார்த்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் பின் ஹோல்டர்தான் (பி22), அதற்கான 9 வாட் வெள்ளை பல்பு எல்லோர் வீட்டு அலமாரியிலும் இரண்டு மூன்று கிடக்கும். திருகு ஹோல்டரில் பின் பல்பு மாட்ட அடாப்டர் கிடைக்கிறது, ஒன்று ₹45. மூன்று வாங்கினேன். இதில் இரண்டு தப்பு. ஒன்று, அடாப்டர் பல்பை 3 செ.மீ. கீழே இறக்கிவிட்டது. பல்பின் நுனி கூம்பின் வாய்க்குச் சரிசமமாக வந்து, எதிரே உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்க்கவே கண் கூசியது. இரண்டு, அந்த 6500 கெல்வின் வெள்ளை. கூரையில் பரவலாக எரிந்தால் பழகிய வெளிச்சம்தான், ஆனால் மேசைக்கு மேலே ஒன்றே முக்கால் அடியில் மூன்று கூம்பிலிருந்து இறங்கும்போது சோறு நீலமடித்தது, அப்பளம் வெளிறிப்போனது. முள் தெரிந்தது, மறுக்கவில்லை. லக்ஸ் 550க்கு மேல் போனது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். முன்பெல்லாம் கை காய்கிற வரை உட்கார்ந்து பேசுவோம்.

அடாப்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதற்கு நேர் எதிரான அடாப்டரும் உண்டு, பின் ஹோல்டரில் திருகு பல்பு மாட்டுவது. திருகு ஹோல்டரில் ஃபேஸ் (ஷாக் அடிக்கும் ஒயர்) நடுப்புள்ளிக்கும் நியூட்ரல் சுற்றியுள்ள திருகு உலோகத்துக்கும் வர வேண்டும். பல்பைத் திருகும்போது விரல் படக்கூடியது அந்தத் திருகு உலோகம்தான். பின் ஹோல்டருக்கு அந்தத் திசை கிடையாது, எப்படித் திருப்பி மாட்டினாலும் பல்பு எரியும், அதனால் அந்த வகை அடாப்டரில் திருகுப் பகுதியில் ஃபேஸ் வந்து நிற்க ஐம்பது சதவீத வாய்ப்பு. மாடிப்படி லைட்டில் அதை ஒரு மாதம் வைத்திருந்தேன், டெஸ்டரில் பார்த்துவிட்டு அன்றே கழற்றினேன். ஹோல்டர் எதுவோ அதற்குரிய பல்பையே வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் ஹோல்டரையே மாற்றுங்கள், அறுபது எழுபது ரூபாய்தான்.

மூன்றாவது சுற்றில் சரியான அடிப்பாகம், சரியான நிறம் என்று நினைத்து 9 வாட், 3000 கெல்வின், இ27 மூன்று வாங்கினேன், ₹130 வீதம் ₹390. நிறம் நன்றாகவே இருந்தது. கண் கூச்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்தால் நெற்றிக்கு மேலே ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். வெளிச்சம் அதிகம், குறைத்தால் சரியாகிவிடும் என்று நான் முடிவு செய்தேன். இந்த முடிவு தப்பு, ஆனால் அப்போது தெரியவில்லை. சுவிட்ச் போர்டில் ₹350க்கு ஒரு டிம்மர் மாட்டினேன். பாதி வரை குறைக்கும்போதே மூன்றும் மூன்று விதமாகத் துடித்தன, நடு பல்பிலிருந்து வண்டு மாதிரி ஒரு ரீங்காரம், இன்னும் குறைத்தால் மூன்றும் சட்டென்று அணைந்தன. பல்பு அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் டிம்மரோடு பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. டிம்மர் வேண்டும் என்றால் அதற்கென்றே சொல்லி விற்கும் பல்பு வேண்டும். அதிலும் டிம்மரும் பல்பும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே எரித்துப் பார்க்க வேண்டும். நான் டிம்மரைக் கழற்றிவிட்டேன்.

அந்தத் துடிப்பைப் பார்த்த பிறகுதான் சாதாரணமாக எரியும்போதும் பல்பு துடிக்கிறதா என்று சோதிக்கக் கற்றுக்கொண்டேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான பல்பு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாக வரலாம். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, பல்பு வெளிச்சத்தில் விசிறி மாதிரி வேகமாக ஆட்டிப் பாருங்கள். மங்கலான ஒரே விரிப்பாகத் தெரிந்தால் நல்ல பல்பு. தனித்தனி குச்சிகளாக, சீப்பின் பற்கள் மாதிரி தெரிந்தால் அந்த பல்பு வேண்டாம். போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பார்த்தாலும் தெரியும். ஆனால் கடையில் நின்று ஈர்க்குச்சி ஆட்டுவது எனக்கு வசதியாக இருந்தது, பேனாவும் போதும். நான் ஆட்டியதைப் பார்த்துக் கடைக்காரர் என்னவென்று கேட்டார், சொன்னேன், அவரும் இப்போது ஆட்டிப் பார்க்கிறார்.

டிம்மர் போன பிறகு உயரத்தில் கை வைத்தேன். முதலில் கூம்பின் வாய் மேசையிலிருந்து 55 செ.மீ. இருந்தது. 90க்கு ஏற்றினேன், தூரம் கூடினால் கூச்சம் குறையும் என்று. கூடியது! 55க்கே திரும்ப இறக்கினேன், கூச்சம் பழையபடி குறைந்தது, ஆனால் அம்மா எழுந்து நின்று பரிமாறும்போது கரண்டிக் கை கூம்பில் இடிக்கிறது, எதிரில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை. ஏற்றினால் கூச்சம் கூடுகிறது, இறக்கினால் குறைகிறது என்றால் விஷயம் வெளிச்சத்தின் அளவில் இல்லை, பல்பு கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நியாயமாக முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் செய்ததுதான் இந்த எட்டு மாதத்தில் உருப்படியான வேலை. மெயினை ஆஃப் செய்து பல்பைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் இடிக்காமல் இருக்க 72 செ.மீ. உயரத்தில் கூம்பை நிறுத்தினேன். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சாப்பிடுகிற மாதிரியே உட்கார்ந்து, பூக்கட்டும் நூலின் ஒரு முனையைக் கண்ணோரத்தில் பிடித்துக்கொண்டேன். மனைவி மறுமுனையைக் கூம்பின் கிட்டத்து விளிம்பின் அடியைத் தொட்டபடி உள்ளே இழுத்து, நேர்கோடாக நீட்டிப் பிடித்தாள். நூல் கூம்பின் நடு அச்சைக் கடக்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குச்சியில் குறித்தோம். கூம்பின் வாயிலிருந்து அந்தக் குறி கிட்டத்தட்ட 7 செ.மீ. மேலே. அதாவது 7 சென்டிமீட்டருக்குக் கீழே பல்பின் எந்தப் பகுதி இறங்கினாலும் அது என் கண்ணில் படும், மேலே இருந்தால் கூம்பே மறைத்துவிடும்.

இப்போது கணக்கு எளிது. ஹோல்டர் விளிம்பிலிருந்து வாய் வரை 12 செ.மீ. வழக்கமான 9 வாட் பல்பு ஹோல்டருக்கு வெளியே 9 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆக நுனி வாயிலிருந்து 3 செ.மீ. மேலேதான். கூசாமல் என்ன செய்யும். எனக்கு வேண்டியது ஹோல்டருக்கு வெளியே 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளாத பல்பு. கடையில் கேட்கும்போது வாட் சொல்லாமல் ஸ்கேலை எடுத்து நீட்டி "இவ்வளவு நீளத்துக்குள்ள, திருகு, மஞ்சள்" என்று கேட்டேன். கடைக்காரர் கோலி உருண்டை மாதிரி ஒரு சின்ன பல்பை எடுத்து வைத்தார். ஜி45 என்பார்கள், 45 என்பது மில்லிமீட்டரில் விட்டம். (வழக்கமான பல்பு ஏ60, அது 60 மி.மீ. விட்டம். கூம்பின் கழுத்து குறுகலாக இருந்தால் இந்த எண்ணும் முக்கியம்.) 5 வாட், 450 லூமன் (பல்பு தரும் மொத்த வெளிச்சம்), பால் வெள்ளைக் கூடு, 3000 கெல்வின்.

மூன்றையும் உடனே வாங்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. இரண்டு வேறு தயாரிப்பில் ஒவ்வொன்று வாங்கினேன், ₹160 ஒன்று, ₹210 ஒன்று. இரண்டு அட்டையிலும் 3000 கெல்வின் என்றுதான் இருந்தது. பக்கத்துப் பக்கத்து லைட்டில் மாட்டி, கீழே ஒரு தாம்பாளத்தில் தக்காளி, கறிவேப்பிலை, மஞ்சள் கிழங்கு, அன்றைக்கு மிச்சமிருந்த பீட்ரூட் பொரியல் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்தோம். மகள்தான் நடுவர். ஒன்றில் பீட்ரூட் பழுப்பாக, நேற்றைய பொரியல் மாதிரி கிடந்தது, இன்னொன்றில் வெட்டியவுடன் இருக்கும் அந்த ரத்தச் சிவப்பு. கறிவேப்பிலையில் பெரிய வித்தியாசமில்லை. அடர்சிவப்பில்தான் பல்பின் யோக்கியதை தெரிகிறது. கை நீட்டச் சொன்னேன், ஒன்றின் கீழே உள்ளங்கை லேசாகப் பச்சையடித்தது. அட்டையைப் பார்த்தால் ஒன்றில் சிஆர்ஐ 80க்கு மேல், இன்னொன்றில் 90க்கு மேல். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண் அது. சாப்பாட்டு மேசைக்கு நான் இனி 90க்குக் கீழே வாங்க மாட்டேன். ஆச்சரியம், ₹210 பல்புதான் 80. ₹160க்கு வாங்கியதுதான் ஜெயித்தது. கடைக்குத் திரும்பிப் போனபோது அதில் ஒரு பெட்டி தீர்ந்து புதுப் பெட்டி வந்திருந்தது, விலையும் ₹190 ஆகியிருந்தது. பழையதோடு புதியதைக் கலக்காமல், ஒரே பெட்டியிலிருந்து ஆறு எடுத்தேன், மூன்று மேசைக்கு, ஒன்று மாடிப்படிக்கு, இரண்டு மாற்றுக்கு. ஒரே பெயர், ஒரே எண் போட்டிருந்தாலும் வேறு வேறு தயாரிப்பு மாதங்களில் நிறம் கொஞ்சம் மாறும், மூன்று லைட் வரிசையாகத் தொங்கும்போது அது உடனே கண்ணில் படும்.

அட்டையில் இன்னொன்றும் பார்க்கிறேன். நம் நாட்டில் எல்இடி பல்புக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16102 என்ற எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சடித்திருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினால் யாருடையது என்று வந்துவிடும். நடைபாதையில் நாற்பது ரூபாய்க்குக் குவித்து விற்கும் பல்பில் பெரும்பாலும் இது இருப்பதில்லை.

மேசையில் இப்போது லக்ஸ் 280. பழைய தேன் நிற பல்பைப் போல இரண்டரை மடங்கு, வெள்ளை பல்பில் பாதி. முள் தெரிய இது போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் கண் கூசாததால் இருக்கிற வெளிச்சம் முழுவதும் தட்டில் பயன்படுகிறது. பல்பு நுனி வாயிலிருந்து சரியாக 7 செ.மீ. மேலே நிற்கிறது. மகள் உயரம் குறைவு, அவள் கண்ணிலிருந்து நூல் பிடித்தால் 10 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, ஆகவே அவளுக்கு பல்பின் நுனி இன்னும் தெரிகிறது. பால் கூடு என்பதால் கூசவில்லை என்கிறாள். முழுதாகத் தீரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

மாடிப்படி லைட் தனிக் கதை. அது 20 செ.மீ. விட்டமுள்ள மூடிய கண்ணாடி உருண்டை, பல்பு உள்ளே அடைந்துவிடும். கண்ணாடி பால் நிறம், கூச்சப் பிரச்சினை கிடையாது, நன்றாக வெளிச்சம் வரட்டும் என்று ₹180க்கு 12 வாட் பல்பு போட்டிருந்தேன். ஏழே மாதத்தில், மே மாதம் நடுவில் போய்விட்டது. திருச்சி வெயிலில் இரவு எட்டு மணிக்கும் படிக்கட்டுப் பகுதி 34 டிகிரி இருந்தது.

கழற்றிய பல்பைத் திறந்து பார்த்தேன். (திறந்த நிலையில் கரண்ட் கொடுத்துப் பார்க்கவே கூடாது, உள்ளே இருக்கும் தகட்டின் எல்லா இடத்திலும் 230 வோல்ட் நேரடியாக வர வாய்ப்பு உண்டு.) கூட்டைத் திருகி எடுத்ததும் அலுமினியத் தகட்டில் வட்டமாக எல்இடி சில்லுகள். ஒன்றின் மஞ்சள் நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அவ்வளவுதான். சில்லுகளை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். அடியில் இருந்த கெப்பாசிட்டரின் (கரண்டைத் தேக்கிக் கொடுக்கும் சின்ன உருளை) தலை லேசாக உப்பியிருந்தது, அதுவும் அதிக நாள் தாங்கியிருக்காது. சூட்டில்தான் இந்த இரண்டும் போகும்.

சந்தேகம் தீர, நண்பரிடமிருந்து வெப்பம் அளக்கும் ஒயர் வைத்த மல்டிமீட்டரை வாங்கி வந்தேன். இன்னொரு 12 வாட் பல்பை அதே உருண்டைக்குள் போட்டு, ஒயர் முனையை பல்பின் கழுத்தில் டேப் வைத்து ஒட்டி இரண்டு மணி நேரம் விட்டேன். 88 டிகிரி! அடுத்த நாள் அதே நேரத்தில் அந்தச் சின்ன 5 வாட் பல்பு, 57 டிகிரி. கெப்பாசிட்டர் ஆயுள் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்பார்கள், அப்படியென்றால் இந்த 31 டிகிரி எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். படிக்கட்டுக்கு 450 லூமன் தாராளம். மூடிய உருண்டைக்குள் பெரிய வாட் பல்பை நான் இனி போடுவதாக இல்லை. இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் இன்னொரு லைட்தான்.

கடைசியாக ஒரு தொல்லை பாக்கி இருந்தது. இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மேசை லைட் மூன்றும் மின்மினி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. சிறிய பல்பு போட்ட பிறகு அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. அதாவது சுவிட்ச் ஃபேஸில் இல்லை, நியூட்ரலில் போட்டிருக்கிறது. குண்டு பல்பு காலமாக இருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. எல்இடிக்கு மிகக் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே போதும், மினுங்கும். மினுங்கலை விட, அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பு மாற்றக் கை வைக்கும் இடத்தில் ஃபேஸ் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் இந்த எட்டு மாதத்தில் அங்கே கை வைத்தது எத்தனை தடவை. ஒவ்வொரு தடவையும் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் தொட்டேன் என்பது நல்லதாகப் போயிற்று. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து போர்டில் ஃபேஸைச் சுவிட்சுக்கு மாற்றிக் கொடுத்தார், திருகு ஹோல்டரின் நடுப்புள்ளிக்கு ஃபேஸ் வருகிறதா என்பதையும் மூன்றிலும் பார்த்தார். கூலி ₹400. மினுங்கல் நின்றது.

படிக்கட்டில் மட்டும் நிற்கவில்லை. அங்கே மேலும் கீழும் இரண்டு சுவிட்ச், ஒயர்கள் ஒரே பைப்பில் நெடுந்தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால், அணைத்த ஒயரிலும் கொஞ்சம் கரண்ட் தாவி வரும். அதற்கு 275 வோல்ட் எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு 100 ஓம் ரெசிஸ்டரை வரிசையாகச் சேர்த்து, லைட்டின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே, கூரையிலுள்ள மூடிக்குள் வைத்தார். ₹25 பொருள். எக்ஸ்2 என்று எழுதியதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், சாதாரணமானதை 230 வோல்ட்டில் குறுக்கே வைக்கக் கூடாது. இதைத் தெரிந்தவர் கையால்தான் செய்ய வேண்டும்.

வீணான செலவு: அடாப்டர் ₹135, 9 வாட் மூன்று ₹390 (இவை இப்போது வேறு அறைகளில் எரிகின்றன, முழு நஷ்டம் இல்லை), டிம்மர் ₹350, 12 வாட் ₹180, சோதனைக்கு வாங்கிய இரண்டு ₹370. உண்மையில் தேவைப்பட்டது ₹190 வீதம் நான்கு பல்பு, ₹760. கரண்ட் மிச்சத்துக்காக நான் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வைத்தால் 27 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் மாதம் இரண்டு யூனிட் கூட வித்தியாசம் வராது.

அடுத்த தடவை என்றால் லைட் வாங்கும் கடைக்கே டேப்பும் ஒரு ஏ60 பல்பும் எடுத்துப் போவேன். கூம்பின் ஆழம் ஹோல்டரிலிருந்து 16 செ.மீ. இருந்தால் வழக்கமான பல்பே போதும், இந்தச் சின்ன பல்பைத் தேடி அலைய வேண்டாம். உள்பக்கம் பொன் நிறம் வாங்க மாட்டேன், வெள்ளைதான். பொன் நிறம் கொஞ்சம் வெளிச்சத்தைக் குடிக்கிறது, 3000 கெல்வினை இன்னும் மஞ்சளாக்குகிறது. ஒயரை அறுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா சுருட்டிக் கட்டி உயரம் பார்ப்பேன். நல்லவேளை, இந்த ஒயரை அறுக்கவில்லை, மீதியெல்லாம் கூரை மூடிக்குள் சுருண்டு கிடக்கிறது. நடு லைட்டுக்குத் தனி சுவிட்ச் வைப்பேன். மகள் தனியாகப் படிக்க உட்காரும்போது மூன்றும் எரிய வேண்டியதில்லை, டிம்மர் வேண்டும் என்று நினைத்த பாதி நேரங்களில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

மாற்றுக்கு வாங்கிய இரண்டு பல்பும் அட்டையோடு சமையலறை மேல் தட்டில் இருக்கின்றன. எரியும் நான்கின் கழுத்திலும் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். மாடிப்படி உருண்டைக்குள் இருப்பது எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு இதன் கீழேயே சேர்க்கிறேன்.